கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஏழு ஆங்கிலச் சொற்களும்

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய சரக்குக் கிடங்கைச் சீர்செய்யும் வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் காகிதம் ஒரு நீளமான அட்டவணை. சுவர், உத்தரம், ஜன்னல், கதவு என்று எல்லாவற்றுக்கும் இடது பக்கம் ஓர் எண். எதிரே ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக ஒரு கட்டளை. ரிட்டெய்ன், கன்சாலிடேட், ரிப்பேர், ரெஸ்டோர், ரீகன்ஸ்ட்ரக்ட், ரிப்ளேஸ், ரிநியூ. இந்த ஏழுதான் மாறி மாறி வந்தன. வேலைக்கு வந்திருந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள். கட்டடக் கலைஞர் மேடத்துக்கு ஆங்கிலமும் கொஞ்சம் மலையாளமும் தெரியும். கூலிக் கணக்கு எழுதுவதோடு, இந்தச் சொற்களைக் கொத்தனார்களிடம் கொண்டுசேர்ப்பதும் என் பொறுப்பு.

அந்தத் தெருவிலேயே வளர்ந்தவள் நான். அப்பா மிளகு மண்டியில் கணக்கெழுதினார். பள்ளி விட்டு வரும்போது யூதத் தெருவில் மிளகு வியாபாரிகள் சங்கத்தின் கட்டடத்திலிருந்து விலை கூவும் சத்தம் கேட்கும். 1957இல் தொடங்கிய சங்கம் அது. அடுத்த சில மாதங்களில் வரப்போகும் மிளகுக்கு இன்றைக்கே விலை பேசுவார்கள். ஏலம் கணினிக்குப் போனதும் சத்தம் நின்றது. பிறகு கிடங்குகளில் மூட்டையும் குறைந்தது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிறிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சி முதன்முறையாகத் தொடங்கியபோது, இஞ்சியும் மஞ்சளும் அடுக்கிய இடங்களில் ஓவியங்கள் தொங்கின. காலியாகக் கிடந்த கட்டடங்களுக்கு திடீரென்று மதிப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த கிடங்கும் அப்படி ஒரு புது உரிமையாளர் கைக்கு வந்ததுதான்.

பெரிய மேஸ்திரிக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். என்னை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். பட்டியலில் முதல் சுவருக்கு எதிரே இருந்த ரிட்டெய்ன் என்பதை, "இதைத் தொடவேண்டாமாம் ஐயா, இருக்கிறபடியே இருக்கட்டுமாம்" என்றேன். அவர் சுவரை விரல்மூட்டால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு கடைசிவரை நடந்தார். திரும்பி வந்து, "சரியாத்தான் சொல்லியிருக்காக. உள்ளே பொத்தல் இல்லை. ஆனா பூச்சு வெடிச்சுக் கெடக்கே ஆத்தா, இதை இப்படியே விட்டுட்டுப் போனா என்னை யாரு கொத்தன்னு சொல்லுவா?" என்றார்.

அந்தக் கேள்வியில் அவமானமே இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல வழுவழுப்பான சுவர் பூசிப் பழகிய கை அது. கோயில் திருப்பணிகளிலும் வேலை பார்த்தவர். நம்முடைய மரபில் பழையதைப் புதிதாக்குவது புண்ணியம். ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் தனியாகவே விதி வைத்திருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, அஷ்டபந்தனம் சாத்தி, கோபுரத்துக்கு வண்ணம் தீட்டி, குடமுழுக்கு நடத்தினால் ஊரே நிறைந்து நிற்கும். வெடிப்பை வெடிப்பாகவே விட்டுவைப்பது அந்தக் கண்ணுக்கு அலட்சியமாகத்தான் தெரியும்.

மேடம் வேறொரு மரபிலிருந்து வந்தவர். அதற்கும் ஒரு கதை இருக்கிறது என்பதை மாலை நேரங்களில் அவரிடமிருந்து கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைச் சுரண்டி எடுத்து, இடைக்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்தில் புதிதாக்கிக்கொண்டிருந்தார்கள். ரெஸ்டோரேஷன் என்பதுதான் அதற்குப் பெயர். ஜான் ரஸ்கின் 1849இலேயே அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். இடிந்த பிறகு மீட்பதைவிட, ஒழுகும் ஓட்டை உடனுக்குடன் மாற்றி நாள்தோறும் பார்த்துக்கொள்வதே மேல் என்பது அவர்கள் கட்சி. இந்தியத் தொல்லியல் துறைக்காக ஜான் மார்ஷல் 1923இல் எழுதிய கையேட்டிலும் இந்தக் கருத்தின் சாயல் உண்டு. 1964இல் வெனிஸில் ஒரு சாசனம். 1979இல் ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற பழைய சுரங்க ஊரில் இன்னொன்று. அந்த பர்ரா சாசனம்தான் எங்கள் அட்டவணைக்குத் தாய். புதுப்பொருள் எதையும் நுழைக்காமல், ஒட்டிக்கொண்டவற்றை நீக்கியோ கழன்றவற்றைத் திரும்பச் சேர்த்தோ, தெரிந்த பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது ரெஸ்டோர். புதுப்பொருள் சேர்ந்துவிட்டால் ரீகன்ஸ்ட்ரக்ட். ஆங்கிலம் பேசுகிறவர்களே பேச்சில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். தளத்தில் குழப்ப முடியாது. எந்தச் சொல் எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஒரு கதவு திரும்ப மாட்டப்படும், அல்லது விறகுக்குப் போகும்.

எனக்கு இரண்டு பக்கமும் புரிந்தது. மேஸ்திரியிடம் போய் சாசனம் பேசி என்ன பயன்? அவருக்குப் புரியும் பாஷை சுவர்தான்.

புதிதாக்குவதும் கெடுக்கலாம் என்ற பாடத்தைக் கிடங்கின் வடக்குச் சுவர்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ அதற்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்வைக்குக் கெட்டியாக இருந்தது. மேஸ்திரி உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் பலகைபோல ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செம்புரைக்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. கைவைத்தால் ஈரம். விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார்.

செம்புரைக்கல்லை மலையாளத்தில் வெட்டுகல் என்பார்கள். மண்ணுக்குள் இருக்கும்போது கோடாலியால் வெட்டுமளவுக்கு மென்மையாக இருக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் இறுகும். பிரான்சிஸ் புக்கானன் மலப்புறம் பக்கத்து அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்துத்தான், 1807இல் வெளியான தன் நூலில் லாட்டரைட் என்று உலகத்துக்குப் பெயர் சொன்னார். துளைகள் நிறைந்த கல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில், காயலை ஒட்டி, உப்புத் தண்ணீரில் கால்வைத்து நிற்கிற சுவர் அது. கீழேயிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஏறிய ஈரம் வெயில் காலத்தில் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். உப்பு பூச்சின் மேலே வந்து பூக்கும், துடைத்துவிடலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லுக்குள்ளேயே தேங்கி, உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லைத் தின்கிறது. நல்லது செய்வதாக நினைத்துப் பூசிய பூச்சுதான் அந்தச் சுவரைக் கொன்றுகொண்டிருந்தது.

சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு மழைக்காலம் முழுதும் அப்படியே நிற்கவிட்டோம். உரிமையாளருக்குப் பொறுக்கவில்லை. தினமும் பணம் போகிறது, சுவர் சும்மா நிற்கிறதே என்று கேட்டார். மேஸ்திரிதான் பதில் சொன்னார்: "சுவரு மூச்சு விடுதுங்க. விடட்டும்."

சுண்ணாம்பு தயாராவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. வேம்பநாட்டுக் காயலில் வாரும் கிளிஞ்சலைத்தான் இங்கே சூளையில் சுடுவார்கள். கக்க என்பது மலையாளப் பெயர். சுட்ட கிளிஞ்சல் எடை குறைந்து, தொட்டால் நொறுங்கிப்போகுமளவுக்கு இலேசாக இருக்கும். தொட்டித் தண்ணீரில் கொட்டியதும் கொதிக்கத் தொடங்கும். நெருப்பே இல்லாமல் தண்ணீர் தளதளவென்று பொங்குவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். பக்கத்தில் வரவிடாமல் விரட்டுவது என் வேலைகளில் ஒன்று, கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். தாளித்த சுண்ணாம்பை சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, மாதக்கணக்கில் புளிக்கவைத்தார்கள். தயிர்போல் ஆனதும் ஆற்றுமணலோடு சேர்த்து அரைத்தார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றி ஊற்றி அரைக்கும்போது கிடங்கு முழுக்க ஒரு புளித்த வாசனை நிற்கும். பழைய மிளகு வாசனை எங்கோ மரத்துக்குள் ஒளிந்திருந்தது. இரண்டும் கலந்து வரும் சில பகல்களில் அப்பாவின் மண்டி நினைவுக்கு வரும்.

பூசிய பிறகும் அவசரம் கூடாது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் நின்று திரும்பப் பெறுகிறது என்று மேடம் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. மெல்லிசாக ஒரு கை பூசி, ஈரச்சாக்கு போர்த்தி, ஆறவிட்டு, அடுத்த கை. வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். கொச்சிக் காற்றின் ஈரம் அதற்கு வாகாக இருந்தது. காரைக்குடியில் இந்த வேலைக்கு இரவில்கூட எழுந்து தண்ணீர் தெளிக்கவேண்டும் என்றார்கள்.

தச்சு வேலையில் வேறு மாதிரி ஒரு வாதம். ஆஞ்சிலி மர உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் இருந்த அளவுக்கு உளுத்திருந்தன. மீதி இரும்புபோல் இருந்தது. பட்டியலில் ரிப்பேர். உளுத்த முனையை மட்டும் சாய்வாக வெட்டி, அதே மரத்தில் புதுத் துண்டைப் பொருத்தி, மரஆணி அடித்து ஒட்டினார்கள். ஆசாரிகள் உள்ளூர்க்காரர்கள், ஒட்டு தெரியாமல் இழைத்துக் கறையும் போட்டுவிட்டார்கள். மேடம் வந்து பார்த்து, ஒட்டு தெரியவேண்டும் என்றார். புதுத் துண்டில் ஆண்டையும் சுட்டுப் பொறிக்கச் சொன்னார். பின்னால் வருகிறவர் எது பழையது எது புதியது என்று ஏமாறக்கூடாது என்பது காரணம். மூத்த ஆசாரிக்கு முதலில் கோபம். பிறகு, தன் ஒட்டுக்குத் தன் காலத்து ஆண்டு நிற்கப்போகிறது என்பது உறைத்ததும் அச்சைத் தானே வாங்கிச் சூடுபோட்டார். நான் பார்த்தவரையில் அந்த ஏழு சொற்களில் ரிப்பேர்தான் மிக மரியாதையானது. பழையதையும் அவமதிப்பதில்லை, புதிதையும் மறைப்பதில்லை.

கூரை ஓடுகளுக்கு யாரிடமும் வாதம் இல்லை. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிலின் வழிவந்த ஓடுகள். ஒவ்வொன்றாக இறக்கி, தட்டிப் பார்த்து, மணிச்சத்தம் வந்ததை ஒரு பக்கமும் சொத்தைச் சத்தம் வந்ததை மறுபக்கமும் அடுக்கினார்கள். சித்தாள் பெண்களுக்குத்தான் அந்தக் காது வாய்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்தனார்களை ஊர்சுற்றக் கூட்டிப்போவேன். முதலில் போனது மட்டாஞ்சேரி அரண்மனைக்கு. போர்ச்சுகீசியர்கள் 1555 வாக்கில் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் இன்றைக்கும் டச்சு அரண்மனை என்றே பெயர். கட்டியவர் பெயர் போய்ப் பழுதுபார்த்தவர் பெயர் நின்றுவிட்ட கட்டடம் என்று சொன்னதும் மேஸ்திரிக்கு அந்த அரண்மனைமேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. பள்ளியறையில் ராமாயண ஓவியங்களுக்கு முன்னால் மற்றவர்கள் ராமனைத் தேட, அவர் வண்ணத்தின் கீழே இருந்த பூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் மணலும், மேலே இளநீரில் கலக்கிய சுண்ணாம்பு பல கை, அதன்மேல் காவிக்கல்லும் விளக்குக்கரியும் வேப்பம்பிசினில் குழைத்த வண்ணங்கள் என்று காவலர் விளக்கினார். "நம்ம சரக்குதான்" என்றார் மேஸ்திரி. ஓவியங்களில் உதிர்ந்த இடங்களில் யாரும் புதுமுகம் வரைந்து வைக்கவில்லை என்பதையும் அவரே கவனித்துச் சொன்னார். அதன்பிறகு வெடிப்புகளை விட்டுவைப்பது பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை.

பரதேசி யூதப் பள்ளி கொஞ்ச தூரம்தான். 1568இல் கட்டியது, 1662இல் போர்ச்சுகீசியர்கள் சேதப்படுத்தியதை டச்சு ஆட்சியில் மீண்டும் எழுப்பினார்கள். எசக்கியேல் ரஹாபி 1760இல் கட்டிய மணிக்கூண்டு பாழடைந்து நின்றதை 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு சீர்செய்தார்கள். கூண்டு மீண்டது. தெருவில் கதவு திறந்து வெளியே வரும் யூதக் குடும்பங்கள்தான் மீளவில்லை. பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

மட்டாஞ்சேரியிலேயே இன்னொரு யூதப் பள்ளியும் உண்டு, கடவும்பாகம். பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம். வழிபட ஆளின்றிக் கிடங்காகிப் போனது. அதன் செதுக்கு வேலை மரக்கூரையையும் உள்ளலங்காரத்தையும் 1991இல் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றி ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார்கள். படிந்திருந்த பூச்சுகளை நீக்கி, பழைய வண்ணங்களை வெளியே கொணர்ந்து, 1995இல் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். அட்டவணையின் கணக்கில் பிழையே இல்லாத ரெஸ்டோரேஷன் அது. இங்கே வெறும் சுவர்கள் மழையில் நின்றன. 2019 மழையில் முகப்பு இடிந்து விழுந்தது. மறுநாள் அந்த வழியாக நடந்தேன். செங்குவியலாகக் கிடந்த கற்களைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த உள்ளறை அங்கே பத்திரமாக இருப்பதற்கு நான் நன்றியுள்ளவள்தான். ஆனால் ஊரை விட்டு எடுத்துப்போய் மீட்ட ஒன்றை மீட்டதாகச் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

கொத்தனார்களுக்கு அரண்மனையைவிடப் பிடித்த இடம் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்திலுள்ள சலவைத்துறை. டச்சுக்காரர்கள் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அங்கே சொல்வார்கள். இன்றும் வீட்டில் தமிழ்தான். முன்பு குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் தனித்தனித் தொட்டிகளோடு இந்த இடத்தைக் கட்டிக்கொடுத்தது. துணியைக் கவ்வ கிளிப் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் நுனியைச் சொருகிவிடுவார்கள், எந்தக் காற்றுக்கும் நிற்கும். ஒரு பெரியவர் எங்களை உட்காரவைத்துச் சாயா வாங்கிக்கொடுத்தார். யாரோ கொடுத்த பழைய கசவு முண்டு ஒன்று அவர் மடியில் இருந்தது. "இதைக் கல்லுல அடிக்கப்படாது. வெள்ளாவியும் வைக்கப்படாது. வெறும் தண்ணில முக்கி, கஞ்சி தண்ணியா போட்டு, நெழல்ல காயப்போடணும். வெள்ளையாக்கிக் குடுன்னு கேப்பாங்க. ஆக்கிடலாம், அப்புறம் அடுத்த ஓணத்துக்கு முண்டு இருக்காது" என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கிடங்கு வேலை முடிந்தபோது ஊரில் இன்னும் பெரிய சொற்கள் வந்திருந்தன. மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2016இல் தேர்வான முதல் இருபது நகரங்களில் கொச்சியும் ஒன்று. ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அதற்குள் வந்தன. ரிவைட்டலைஸ், ரீஜெனரேட், ரீஜுவனேட் என்ற சொற்கள் அறிக்கைகளிலும் பலகைகளிலும் நடமாடின. கட்டடத்துக்கு எழுதும்போது அந்த ஏழு சொற்களும் ஒவ்வொரு கல்லையும் எண்போட்டுக் கணக்குக் கேட்டன. ஊருக்கு எழுதும் இந்தச் சொற்கள் யாரையும் எண்ணவில்லை. சுமட்டுத் தொழிலாளிக்கு எதிரே எந்தச் சொல்? ஒற்றை அறையில் மூன்று தலைமுறை ஒண்டியிருக்கும் குடும்பத்துக்கு எதிரே? கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், தக்னி என்று ஒரு தெருவில் கேட்கும் பேச்சுகளை ரிட்டெய்ன் என்று யார் எழுதப்போகிறார்கள்? ஒரு உத்தர முனைக்குக் காட்டிய பொறுமையை மனிதர்களுக்கும் காட்டச் சொல்லி வார்டுக் கூட்டம், குடியிருப்போர் சங்கம் என்று நான் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிடங்கில் இப்போது கீழே ஒரு கண்காட்சிக் கூடம், மேலே அலுவலகம். போன மழைக்குப் பிறகு தென்மேற்குச் சுவரில் வெள்ளை உதிர்ந்திருந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் பெயிண்ட் கம்பெனியில் விலை கேட்டுவிட்டார்கள்; பத்து வருஷத்துக்குத் தொடவே வேண்டாம் என்று அவர்கள் உறுதி சொன்னார்களாம். நான் உரிமையாளரிடம் பேசி நிறுத்திவைத்துவிட்டுக் காரைக்குடிக்குப் போன் போட்டேன். மேஸ்திரிக்குக் காது மந்தமாகிவிட்டது. மகன் போனைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொல்ல, அவர் பதில் சொன்னார்.

"துலாமழை முழுசா நிக்கட்டும் ஆத்தா. பயலை மார்கழியில அனுப்புறேன். நீ இப்பவே கிளிஞ்சலுக்குச் சொல்லி வச்சுரு, வந்ததும் தாளிச்சு மூடிவை. பெயிண்டுக்காரனை மட்டும் சுவரைத் தொடவிட்டுறாதே."